‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? ஓர் ஆங்கிலச் சொல்லை முழுதாகப் பிடிக்க வழி

‘ரன்’ என்றால் ஓடு. தரம் மூன்றில் படிக்கும் பிள்ளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லும். அதே பிள்ளை சாதாரண தரத்துக்கு வந்து, வாசிப்புப் பந்தியில் ‘ஹெர் ஆன்ட் ரன்ஸ் அ ஸ்மோல் பேக்கரி’ என்ற வரியைக் கண்டதும், மாமி சின்ன பேக்கரிக்கு ஓடுகிறா என்று எழுதிவைக்கும். மாமி எங்கும் ஓடவில்லை. பேக்கரியை நடத்துகிறா.

பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் ஹோட்டல் வேலைக்குச் சேரும் தம்பிமாருக்கும் இதே சிக்கல்தான். இலக்கணம் ஓரளவு தெரியும், கடினமான சொற்களும் தெரியும், ஆனால் வெள்ளைக்காரர் சின்னச் சொற்களைக் கோத்துக் கதைக்கத் தொடங்கினால் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆங்கிலத்தில் உண்மையில் கடினமானவை நீண்ட சொற்கள் அல்ல. நீண்ட சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான், அகராதியைத் திறந்தால் தீர்ந்தது. ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘கெட்’ என்று மூன்றெழுத்து நான்கெழுத்தில் நிற்பவைதான் ஆளைக் குழப்பும்.

எவ்வளவு குழப்பும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்குத்தான். பிறகு நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அந்த ஒரு சொல்லின் பதிவைத் திருத்தி எழுத அகராதி ஆசிரியர் பீட்டர் கிலிவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது.

645ஐயும் பாடமாக்கச் சொல்ல நான் வரவில்லை. அப்படிப் பாடமாக்கிய ஆங்கிலேயன் ஒருவனும் இல்லை. ‘ரன்’னை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பொருள் பிடிபடாது என்பதுதான் நான் சொல்லவருவது. அதற்கு முன்னால் நிற்பது எது, பின்னால் நிற்பது எது என்று பார்க்கப் பழகினால், அகராதியைத் திறக்காமலே பெரும்பாலான இடங்களில் ஊகித்துவிடலாம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

படி 1: கையில் இருக்கும் ‘ஓடு’வை எண்ணிப் பாருங்கள்

முதலில் ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, நம் வாயில் ‘ஓடு’ எத்தனை விதமாக வருகிறது என்று எழுதுங்கள். பஸ் ஓடுது. மில் ஓடுது. வாய்க்காலில் தண்ணி ஓடுது. தியேட்டரில் படம் ஓடுது. ‘கடை எப்பிடி ஓடுது?’ என்று கேட்கிறோம். இவை அத்தனைக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். ‘த பஸ் இஸ் ரன்னிங்’, ‘த மெஷின் இஸ் ரன்னிங்’, ‘த ஃபில்ம் ரேன் ஃபோர் அ ஹண்ட்ரட் டேய்ஸ்’. ஆக, புதிதாகப் படிக்காமலே ஒரு பங்கு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த பொருத்தம் கொஞ்சம் நாற்றம் பிடித்தது. வயிறு கலங்கி அடிக்கடி போவதை நாம் வயிற்றோட்டம் என்கிறோம். ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் அதற்குப் பெயர் ‘த ரன்ஸ்’. ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’ என்று விருந்தாளி ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் ஸ்கோர் கேட்காதீர்கள், ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட்டைத் தேடுங்கள்.

இந்தப் பொருத்தத்துக்குக் காரணமும் உண்டு. ‘ரன்’னின் பழைய ஜெர்மானிய வேரிலேயே காலால் ஓடுவதும் நீர் பாய்வதும் சேர்ந்து கிடந்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘ரின்னன்’ நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. அதனால் ஆறு ஓடுவது, குழாய் ஓடுவது, மூக்கு ஒழுகுவது எல்லாம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பொருள்கள் அல்ல. தொடக்கத்திலிருந்தே கூட வந்தவை.

ஆனால் இந்தப் படியிலேயே மூன்று பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள்.

நம் பக்கம் வாகனம் செலுத்துவதையும் ஓடுவது என்றே சொல்வோம். ‘அவர் வான் ஓடுறவர்’, ‘உனக்குக் கார் ஓடத் தெரியுமா?’ இதை அப்படியே ‘ஹீ ரன்ஸ் அ வேன்’ என்று சொன்னால், அவரிடம் ஒரு வான் இருக்கிறது, அதை ஆள் ஏற்றும் தொழிலுக்கு விட்டு நடத்துகிறார் என்றுதான் கேட்பவருக்கு விளங்கும். ஸ்டியரிங் பிடிப்பதற்கு ‘ட்ரைவ்’. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ரைட்’. வெளிநாட்டுச் சாரதி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலம் ஓடுகிறது என்பது. அதற்கு அவர்கள் ‘டைம் ஃப்ளைஸ்’ என்பார்கள், பறக்கிறதாம். ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்றால் நேரம் முடியப்போகிறது, கெதியாகச் செய் என்று பொருள். மூன்றாவது, மூளை ஓடவில்லை என்பது. அதற்கு ‘ரன்’ சரிவராது. ‘ஐ கான்ட் திங்க்’ என்று விட்டுவிடுங்கள்.

படி 2: ஓடுவது யார், எது?

வசனத்தில் ‘ரன்’னுக்கு முன்னால் நிற்பதன் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். அது காலுள்ள உயிரா, இயந்திரமா, நீரா, நீளமாகக் கிடக்கும் ஒன்றா, காலத்தோடு சேர்ந்ததா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பொருள் பிரிந்துவிடும்.

காலுள்ள உயிர் என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஓட்டம்தான். இயந்திரம் என்றால் இயங்குகிறது. எதைக் கொண்டு இயங்குகிறது என்று சொல்ல ‘ஒன்’ சேர்ப்பார்கள். ‘த போட் ரன்ஸ் ஒன் கெரோசின்’ என்றால் படகின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. புகைவண்டியும் நெசவு எஞ்சினும் பெருகிய காலத்திலிருந்து இந்தப் பக்கப் பொருள்கள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. இப்போது கம்ப்யூட்டரில் புரோகிராம் ‘ரன்’ ஆவதும் அந்தக் கிளைதான்.

பஸ், கோச்சி போன்றவற்றில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருப்பது. மற்றது, அப்படி ஒரு சேவை இருக்கிறது என்பது. ‘உதயதேவி ரன்ஸ் பிட்வீன் கொழும்பு அண்ட் பட்டிக்கலோ’ என்றால் அந்த நிமிடம் அந்த ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்ற கேள்வியே இல்லை, சேவை உண்டு, அவ்வளவுதான். ‘நோ ட்ரெயின் ரன்ஸ் டு கல்முனை’ என்பதும் அப்படி. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது, கல்முனைக்கு ரயில் சேவையே கிடையாது.

நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழும் இடம் நீளமாகக் கிடக்கும் பொருள்கள். அசையாத ஒன்று எப்படி ஓடும்? ‘த ஏ ஃபோர் ரோட் ரன்ஸ் த்ரூ கல்முனை’ என்றால் ரோட்டு கல்முனை ஊடாகப் போகிறது. தமிழிலும் ரோட்டு நடப்பதில்லை, ஆனால் ‘போகுது’ என்கிறோம். அந்தப் ‘போகுது’தான் இங்கே ‘ரன்’. மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. ‘த லகூன் ரன்ஸ் சௌத் டு கல்முனை’ என்று எழுதினால், வாவித் தண்ணீர் கல்முனையை நோக்கிப் பாய்கிறது என்று பொருள் அல்ல. வாவி அதுவரை நீள்கிறது. அதே வசனத்தில் ‘லகூன்’ இருந்த இடத்தில் ஆற்றை வைத்து, ‘கல்லோயா ரன்ஸ் டு த சீ’ என்றால், அங்கே பாய்வதும் உண்டு, நீள்வதும் உண்டு. இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடங்கள் இப்படிச் சில இருக்கின்றன, அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காலத்தோடு சேர்ந்தவை சுலபம். ‘த கொன்ட்ரக்ட் ரன்ஸ் ஃபோர் டூ இயர்ஸ்’ என்றால் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும். கட்டாருக்குப் போகும் முன் கையெழுத்து வைக்கிற தாளில் இந்த வரி இருக்கும், எந்தத் திகதியிலிருந்து என்பதையும் சேர்த்து வாசியுங்கள். ‘த மீட்டிங் ரேன் ஃபோர் த்ரீ அவர்ஸ்’ என்றால் கூட்டம் மூன்று மணித்தியாலம் இழுத்தது.

துணிக்கு ஒரு தனிப் பொருள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை வாங்க வந்தவர் ‘வில் த கலர் ரன்?’ என்று கேட்டால், தோய்த்தால் சாயம் போகுமா என்று கேட்கிறார். ‘நோ, இட் வோன்ட் ரன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

படி 3: பின்னால் ஒரு பொருள் தொங்குகிறதா?

இப்போது ‘ரன்’னுக்குப் பின்னால் பாருங்கள். ‘ஹீ ரன்ஸ்’ என்று நின்றுவிட்டால் ஓடுகிறான். ‘ஹீ ரன்ஸ் அ ஷாப்’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவன் ஓடுவதில்லை, அதை ஓடவைக்கிறான். தமிழில் ஓடு, ஓட்டு என்று நாம் வினையையே மாற்றுகிறோம். ஆங்கிலம் சொல்லை மாற்றாமல் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். இந்த வித்தியாசம் விளங்கினால் மாமியின் பேக்கரி விளங்கிவிடும்.

கடை, ஹோட்டல், பள்ளிக்கூடம், சங்கம், வீடு, நாடு எது வந்தாலும் நடத்துவது, நிர்வகிப்பது. ‘ரன் அ டெஸ்ட்’ என்றால் பரிசோதனை செய்வது. ஆஸ்பத்திரியில் ‘வீ நீட் டு ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்று டொக்டர் சொன்னால் இரத்தம், சிறுநீர் எடுக்கப் போகிறார்கள். ‘ரன் அ ஃபீவர்’ என்றால் காய்ச்சல் அடிப்பது. இங்கே யாரும் காய்ச்சலை நடத்தவில்லை, காய்ச்சல்தான் ஆளை நடத்துகிறது, என்றாலும் வழக்கு அப்படி. ‘ரன் அ ரிஸ்க்’ ஆபத்துக்கு இடம் கொடுப்பது. ‘ரன் அன் எரண்ட்’ கடைக்குப் போவது, கடிதம் கொடுத்துவருவது போன்ற சில்லறை வேலை பார்ப்பது. பத்திரிகை ‘ரன் அ ஸ்டோரி’ செய்தால் செய்தியை வெளியிடுகிறது. ‘ரன் த டப்’ குழாயைத் திறந்துவிடுவது, ‘ரன் அ பாத்’ குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது.

ஆள் ஒருவர் தொங்கினால் இன்னொரு பொருள். ‘குட் யூ ரன் மீ டு த ஸ்டேஷன்?’ என்றால், வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டேஷனில் விட முடியுமா?

தேர்தலையும் இங்கேயே முடித்துவிடுவோம். ‘ரன் ஃபோர் பிரெசிடென்ட்’ என்றால் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடுவது. இது அமெரிக்கப் பழக்கம். பிரித்தானியாவில் அதற்கு ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். தேர்தலில் ‘நிற்கிறார்’ என்று நாமும் சொல்வதால் ‘ஸ்டாண்ட்’ நமக்குச் சுகமாக இருக்கும், ஆனால் செய்திகளில் இரண்டும் வரும்.

படி 4: வாலைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘அப்’, ‘பை’ என்று ஒரு துண்டு ‘ரன்’னின் வாலாக ஒட்டினால் பொருள் தலைகீழாகிவிடும். முதலில் ஒரு பேச்சைக் கேளுங்கள். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் ரிசெப்ஷன், காலை நேரம். பையை இழுத்துக்கொண்டு வந்த ஒரு விருந்தாளி மூச்சு விடாமல் சொல்கிறார்:

‘வீ ஆர் ரன்னிங் லேட். குட் யூ ரன் அஸ் டு வாழைச்சேனை ஸ்டேஷன்? அண்ட் வீ’வ் ரன் அவுட் ஒவ் வோட்டர்.’

புதிதாகச் சேர்ந்த தம்பி உள்ளே நின்ற மூத்த ஊழியரிடம் போய்ச் சொல்கிறான்: ‘நானா, அவங்க லேட்டா ஓடுறாங்களாம். மறுகா ஸ்டேஷனுக்கு நம்மளும் ஓடட்டாம். தண்ணி ரன் அவுட்டாம். ஆரு அவுட்டாக்கினயெண்டு விளங்கல்ல.’

நானா சிரித்துவிட்டு இரண்டு போத்தல் தண்ணியை எடுத்துக் கொடுத்து, வானை எடுக்கச் சொன்னார். விருந்தாளி சொன்னது: எங்களுக்கு நேரம் பிந்திவிட்டது, ஸ்டேஷனில் கொண்டுபோய் விட முடியுமா, குடிக்கத் தண்ணீரும் முடிந்துவிட்டது. மூன்று ‘ரன்’. ஒன்றிலும் ஓட்டமில்லை.

‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோவது. இதில் இரண்டு கட்டு உண்டு. தீர்ந்த பொருள் முன்னால் வந்தால் வெறும் ‘அவுட்’: ‘த ஃப்யூவல் ரேன் அவுட்’. ஆள் முன்னால் வந்தால் ‘அவுட் ஒவ்’: ‘வீ ரேன் அவுட் ஒவ் ஃப்யூவல்’. 2022இல் பெற்றோல் செட்டுகளில் நாள்கணக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இந்தச் சொல்லுக்கு உதாரணம் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகப் பத்திரிகைகள் அந்த வருடம் இலங்கையைப் பற்றி எழுதிய தலைப்புகளில் ‘ரன் அவுட் ஒவ்’ திரும்பத் திரும்ப வந்தது. முதலில் டொலர், பிறகு எரிபொருள், பிறகு மருந்து.

கிரிக்கெட்டில் வரும் ‘ரன் அவுட்’ வேறு கதை. அங்கே ‘ஹீ வாஸ் ரன் அவுட்’ என்று ‘வாஸ்’ வரும், ஏனென்றால் அவனை மற்றவர்கள் ஆட்டமிழக்கச் செய்கிறார்கள். ‘ஹீ ரேன் அவுட்’ என்றால் வீட்டை விட்டோ அறையை விட்டோ வெளியே ஓடினான். ‘வாஸ்’ இருக்கிறதா என்று பார்த்தால் மைதானமா வீடா என்று தெரிந்துவிடும்.

‘ரன் இன்டு’வுக்குப் பின்னால் வருவதைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. ஆள் வந்தால் தற்செயலாகச் சந்திப்பது: ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் த மார்க்கெட்’. மதிலோ கம்பமோ வந்தால் மோதுவது. தொல்லை, கடன் போன்றவை வந்தால் அதில் மாட்டுவது. எண் வந்தால் அந்தளவை எட்டுவது: ‘த ரிப்பேர் ரன்ஸ் இன்டு லாக்ஸ்’, திருத்தச் செலவு இலட்சக்கணக்கில் போகும். ஆனால் ஆள் பின்னால் வந்து, முன்னால் வாகனமும் வந்தால் கவனம். ‘த வேன் ரேன் இன்டு அ மேன்’ என்பது சந்திப்பல்ல.

‘ரன் ஓவர்’ அதைவிட மோசம். சக்கரம் மேலே ஏறிவிட்டது. நாய், பூனை, கடவுளே என்று மனிதர். அதே ‘ரன் ஓவர்’ கூட்டத்துக்கு வந்தால் நேரம் கடந்துவிட்டது, பானைக்கு வந்தால் பொங்கி வழிந்துவிட்டது. பொங்கல் பானைக்கு இதைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

‘ரன் டவுன்’ பற்றரிக்கு வந்தால் சார்ஜ் இறங்கிப்போனது, உடம்புக்கு வந்தால் களைத்து ஓய்ந்தது, கட்டடத்துக்கு வந்தால் பாழடைந்தது. ஒரு ஆளை ‘ரன் டவுன்’ செய்தால் இரண்டு பொருள்: வாகனத்தால் அடித்து விழுத்துவது, அல்லது முதுகுக்குப் பின்னால் மட்டம் தட்டிக் கதைப்பது. இரண்டில் எது என்பது வசனத்தில் சில்லு இருக்கிறதா வாய் இருக்கிறதா என்பதில் தெரியும்.

‘ரன் அப்’ கடனுக்கு உரியது: ‘ஹீ ரேன் அப் அ பில்’, கணக்கை ஏற்றிவிட்டான். பந்துவீச்சாளர் ஓடிவரும் தூரத்துக்கும் ‘ரன் அப்’, தேர்தலுக்கு முந்திய நாட்களுக்கும் ‘ரன் அப்’. ‘ரன் ஒஃப்’ ஓடிப்போவது, அத்தோடு அச்சில் நகல் எடுப்பது. ‘ரன் ஒஃப் டென் கொப்பீஸ்’ என்று அலுவலகத்தில் சொன்னால் பத்துப் போட்டோகொப்பி. ‘ரன் த்ரூ’ ஒருமுறை வேகமாகப் பார்ப்பது. ‘ரன் அக்ரொஸ்’ எதிர்பாராமல் கண்ணில் படுவது. ‘ரன் ஆஃப்டர்’ துரத்துவது, பின்னால் அலைவது. இவற்றுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

‘ரன் பை’ மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ‘ரன் இட் பை த மேனேஜர்’ என்றால் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி அபிப்பிராயம் கேள். ‘த ஹோட்டல் இஸ் ரன் பை அ ஃபேமிலி’ என்றால் ஹோட்டலை ஒரு குடும்பம் நடத்துகிறது. முன்னதில் ‘இட்’ நடுவில் நிற்கிறது, பின்னதில் ‘இஸ்’ முன்னால் நிற்கிறது. பரீட்சைத் தாளில் இரண்டாவது வடிவம் வந்தால் செயப்பாட்டு வினை என்று கண்டுபிடிக்க இதுவே அடையாளம்.

படி 5: ‘ட்ரை’, ‘லோ’, ‘ஷோர்ட்’

வாலுக்குப் பதில் ஒரு நிலைச் சொல் ஒட்டினால், ‘ரன்’ கிட்டத்தட்ட ‘ஆகு’ என்று மாறிவிடுகிறது. ‘த வெல் ரேன் ட்ரை’, கிணறு வற்றிவிட்டது. ‘வீ ஆர் ரன்னிங் லோ ஒன் ரைஸ்’, அரிசி குறைந்துகொண்டு வருகிறது. ‘ரன் ஷோர்ட்’ போதாமல் போவது. ‘ரன் லேட்’ பிந்துவது. ‘லோ’வுக்கும் ‘அவுட்’டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள், கடைக்குப் போகச் சொல்வதற்கும் கடன் கேட்கச் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அது.

‘ரன் வைல்ட்’ கட்டுப்பாடில்லாமல் திரிவது. பிள்ளைகளுக்கும் சொல்வார்கள், கொடிகளுக்கும் சொல்வார்கள். அதன் முரட்டு அண்ணன் ‘ரன் அமொக்’. அம்பாறைப் பக்கம் யானை ஊருக்குள் புகுந்து வெறிகொண்டு திரிந்தால் ஆங்கிலப் பத்திரிகையில் இந்தச் சொல்லைக் காணலாம். ‘அமொக்’ மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

படி 6: பெயர்ச்சொல்லாக வரும்போது

‘அ’, ‘த’, ஒரு எண், இவற்றில் ஒன்று முன்னால் வந்தால் ‘ரன்’ பெயர்ச்சொல். நமக்கு முதலில் வருவது கிரிக்கெட் ஓட்டம். 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டம் குவித்ததே, அதுதான் டெஸ்ட் போட்டியில் ஒரு இன்னிங்ஸின் மிகப் பெரிய தொகை. அந்த 952உம் ‘ரன்’தான். பேஸ்போலிலும் ‘ரன்’ உண்டு. மட்டக்களப்பார் உயிரை விடும் பாஸ்கற்போலில் கிடையாது, அங்கே ‘பொயின்ற்’.

அடுத்தது வங்கி. வங்கி முறியப்போகிறது என்று பயந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போவது ‘அ ரன் ஒன் த பேங்க்’. 2023 மார்ச் 9ஆம் திகதி அமெரிக்காவின் சிலிக்கன் வேலி பேங்கில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 42 பில்லியன் டொலரை எடுக்க முண்டியடித்தார்கள். அடுத்த நாளே வங்கி மூடப்பட்டது. அதிலும் பெரும்பாலும் ஒன்லைனில்தான் நடந்தது, காலால் ஓடிய ஆள் குறைவு. பொருளுக்கும் இப்படி வரும். நீண்ட மின்வெட்டு அறிவித்தால் ‘அ ரன் ஒன் கேண்டில்ஸ்’, மெழுகுதிரிக்கு அடிபிடி.

‘ட்ரையல் ரன்’ வெள்ளோட்டம். தமிழ்ச் சொல்லிலும் ஓட்டம் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். புதிதாகச் செய்த தேரையோ வள்ளத்தையோ முதலில் ஓட்டிப் பார்ப்பதற்கு நம்மவர் சொல்லும் பெயர் அது. ‘பிரின்ட் ரன்’ ஒரு தடவையில் அச்சிடும் பிரதிகளின் தொகை. ‘இன் த லோங் ரன்’ நீண்டகாலத்தில், போகப்போக. ‘ரன்னர் அப்’ இரண்டாமிடம். ‘த்ரீ டேய்ஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாள் ஓடி அல்ல, மூன்று நாள் தொடர்ந்து. ‘ரன்னிங் வோட்டர்’ குழாய்த் தண்ணீர் வசதி, அறை வாடகை விளம்பரத்தில் வரும்.

படி 7: வடிவத்தை உறுதி செய்யுங்கள்

‘ரன், ரேன், ரன்’. நடுவில் உள்ளது மட்டும் மாறும். ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் ‘ரேன்’ வரவே கூடாது. ‘வீ ஹேவ் ரன் அவுட்’ சரி, ‘வீ ஹேவ் ரேன் அவுட்’ பிழை. ‘ரன்’னுக்கு ‘ரன்ட்’ என்று ஒரு இறந்தகால வடிவம் கிடையாது, ‘ரென்ட்’ என்பது வாடகை. ‘ஐ ரன் த ஹவுஸ்’ வீட்டை நான் நடத்துகிறேன், ‘ஐ ரென்ட் த ஹவுஸ்’ வாடகைக்கு இருக்கிறேன். உச்சரிப்பில் ஒரு மயிரிழை, பொருளில் ஒரு வீடு.

படி 8: கொப்பியில் எழுதும் முறை

அர்த்தம் ஒரு பக்கம், ஆங்கிலம் மறுபக்கம் என்று கோடு போட்டு எழுதும் பழக்கத்தை இந்தச் சொல்லுக்கு விடுங்கள். ‘ரன் = நடத்து’ என்று எழுதினால் ஒரு மாதத்தில் எதை நடத்துவது என்று மறந்துவிடும். முழு வசனமாக எழுதுங்கள், அதுவும் உங்கள் ஊர் ஆட்களை வைத்து. சித்தப்பா மில் நடத்தினால் ‘மை அங்கிள் ரன்ஸ் அ ரைஸ் மில்’. வாழைச்சேனையில் பஸ்ஸுக்கு நின்றால் ‘த லாஸ்ட் பஸ் இஸ் ரன்னிங் லேட்’. புதிதாக ஒன்றைக் கண்டால் மேலே முதல் ஆறு படிகளில் சொன்ன கூட்டங்களில் எதில் சேரும் என்று பார்த்து அதன் கீழே போடுங்கள். எதிலும் சேராததை மட்டும் அகராதியில் தேடுங்கள். தேடும்போது முதலாவது பொருளோடு நிறுத்தாமல் உதாரண வசனங்களை வாசியுங்கள். மாணவர்களுக்கென எழுதிய ஆங்கில-ஆங்கில அகராதிகள் போன்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலியில் ‘ரன்’ என்று தனியாக அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, முழு வசனத்தையும் கொடுங்கள்.

இனி இந்த ஐந்தையும் தமிழாக்கிப் பாருங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு.

‘கேர்லி ஹெயர் ரன்ஸ் இன் த ஃபேமிலி.’
‘டோன்ட் ரன் டவுன் யுவர் நெய்பர்.’
‘த டப் வாஸ் ரன்னிங் ஓல் நைட்.’
‘லெட் மீ ரன் த்ரூ த பில்.’
‘சொரி, ஐ’வ் கொட் டு ரன்.’

முதலாவது, சுருட்டை முடி அந்தக் குடும்பத்துக்கே வழிவழியாக வருவது. இரண்டாவது, பக்கத்து வீட்டாரை மட்டம் தட்டிக் கதைக்காதே. சாரதிப் பயிற்சி வகுப்பில் சொன்னால் அடித்து விழுத்தாதே. மூன்றாவது, பைப் இரவு முழுக்கத் திறந்து கிடந்தது. நான்காவது, பில்லை ஒருக்கால் பார்த்துவிடுகிறேன். ஐந்தாவதை ஓடவேண்டும் என்று எழுதியவர்களுக்கு அரைப் புள்ளி உண்டு. நாம் எழும்பும்போது ‘அப்ப நான் வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போவோமே, அதற்கு அவர்கள் சொல்வது அது.